ஆய்வகத்திலிருந்து சந்தைக்கு: அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழகமொன்றின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றியபோதும், பின்னர் கல்லூரிகளுக்கு வகுப்பெடுக்கச் சென்றபோதும், பேராசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் சிறு தொழில்முனைவோரும் என்னிடம் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் கேட்டார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் இந்தியச் சட்டத்தையும் நடைமுறையையும் ஒட்டியவை. பிற நாடுகளின் அனுபவம் வெளிச்சம் தருமிடங்களில் அதையும் சேர்த்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டுக் காப்புரிமை முகவரைப் பார்க்காமல் இருந்துவிட வேண்டாம். பார்க்கப் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பதற்கு மட்டும் இது உதவும்.

1. மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி மக்களுக்குத்தானே சொந்தம்? அதை எப்படி ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கலாம்?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் சற்றுக் கோபத்தோடுதான் கேட்கிறார்கள், அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் ஒரு கண்டுபிடிப்பு மக்கள் கைக்கு வர வேண்டுமானால் யாரேனும் அதைத் தயாரித்தாக வேண்டும். எருமைப்பாலில் கொழுப்பும் கேசீன் புரதமும் மிகுதி என்பதால் அது குழந்தையின் வயிற்றில் கெட்டியாகத் திரிந்து செரிக்கக் கடினமாகிவிடும். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இந்தச் சிக்கலைத் தீர்த்து, எருமைப்பாலிலிருந்தே குழந்தை உணவு செய்யும் முறையை 1950களில் உருவாக்கியது. அதை டப்பாவில் அடைத்து ஊர் ஊராக அனுப்பும் வசதி அந்த நிலையத்துக்குக் கிடையாது. குஜராத்தின் கெய்ரா மாவட்டக் கூட்டுறவு ஒன்றியம் அதை எடுத்துக்கொண்டதால்தான் அது அமுல் குழந்தை உணவாகக் கடைகளுக்கு வந்தது.

அமெரிக்காவில் 1980 வரை அரசுப் பணத்தில் பிறந்த காப்புரிமைகளைப் பெரும்பாலும் அரசே வைத்திருந்தது. அப்படிச் சேர்ந்த ஏறக்குறைய 28,000 காப்புரிமைகளில் 5 விழுக்காட்டுக்கும் குறைவானவையே தொழிலுக்குப் போயின என்பதுதான் அந்த ஆண்டு பே-டோல் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் எடுத்துவைத்த முதன்மை வாதம். அந்தக் கணக்கில், நிறுவனங்களே வேண்டாமென்று விட்டுவிட்ட பாதுகாப்புத் துறைக் காப்புரிமைகளும் நிறையக் கலந்திருந்ததால், அதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. எப்படியிருந்தாலும், பல்கலைக்கழகங்களே உரிமையை வைத்துக்கொண்டு, பயன்படுத்தும் அனுமதியான உரிமத்தை நிறுவனங்களுக்குத் தரலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. கொடுக்கலாமா என்ற கேள்வியைவிட, என்ன நிபந்தனையோடு கொடுக்கிறோம் என்பதே முக்கியம் என்பது என் கருத்து. அதை 10ஆம், 14ஆம் கேள்விகளில் பார்ப்போம்.

2. கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்? எனக்கா, என் கல்லூரிக்கா, பணம் தந்த அரசுத் துறைக்கா?

இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. பே-டோல் சட்டத்தைப் பின்பற்றி, பொதுநிதி பெற்ற அறிவுசார் சொத்துக்கான சட்ட முன்வடிவு ஒன்று 2008 டிசம்பரில் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்டு, நிலைக்குழுவுக்குப் போய், கடைசியில் 2014இல் திரும்பப் பெறப்பட்டது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமும் ஊழியரின் கண்டுபிடிப்பு முதலாளிக்குச் சேரும் என்று எங்கும் சொல்லவில்லை. உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளரோ அவரிடமிருந்து எழுத்தில் உரிமை பெற்றவரோ விண்ணப்பிக்கலாம் என்று மட்டுமே சொல்கிறது.

ஆகவே விடை மூன்று தாள்களில் இருக்கிறது: உங்கள் பணி ஒப்பந்தம், உங்கள் நிறுவனத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கை, நிதி தந்த துறையின் நிபந்தனைக் கடிதம். மத்திய அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிவுறுத்தல்களின்படி, அதன் துறைகள் பணம் தந்த திட்டங்களில் பிறக்கும் உரிமையை ஆராய்ச்சி நடந்த நிறுவனமே வைத்துக்கொள்ளலாம்; அரசு தன் சொந்தத் தேவைக்கு ராயல்டி இல்லாமல் பயன்படுத்தும் உரிமையை மட்டும் நிறுத்திக்கொள்ளும். மற்ற அமைச்சகங்களின் நிபந்தனைகள் வேறுபடலாம் என்பதால், நிதி ஒப்புதல் கடிதத்தின் கடைசிப் பக்கங்களை ஒருமுறையேனும் பொறுமையாகப் படியுங்கள்.

3. வேலையில் சேர்ந்த அன்று ஏதேதோ தாள்களில் கையெழுத்துப் போட்டேன். அவை அவ்வளவு முக்கியமா?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்த ஸ்டான்ஃபர்ட் – ரோஷ் வழக்கைப் பாருங்கள். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர், தம் கண்டுபிடிப்புகளின் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றித் தர 'ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். பிறகு ஒரு தனியார் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பயிற்சிக்குப் போனபோது, அங்கே நீட்டிய தாளில் 'இதன்மூலம் மாற்றித் தருகிறேன்' என்று இருந்ததற்கும் கையெழுத்திட்டார். முதல் வாசகம் வருங்கால வாக்குறுதி, இரண்டாவது அந்தக் கணமே நடந்துமுடிந்த உரிமை மாற்றம் என்பதால், எச்.ஐ.வி. அளவைக் கண்டறியும் முறையில் அந்த நிறுவனத்தின் இது தொடர்பான சொத்துகளை வாங்கியிருந்த ரோஷ் மருந்து நிறுவனத்துக்கும் பங்கு உண்டென்று ஆனது. அரசு பணம் தந்தது என்ற ஒரே காரணத்தால் உரிமை தானாகப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நம்மூரில் ஆய்வாளர்கள் கோடை விடுமுறையில் நிறுவனங்களுக்குப் போய்வருவதும், 'வருகையாளர் படிவம்' என்ற பெயரில் வரும் எதிலும் கையெழுத்திடுவதும் சாதாரணமாக நடக்கிறது. அந்தப் படிவத்தை அங்கே கொடுப்பதற்கு முன் உங்கள் அலுவலகத்துக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.

4. கட்டுரை வெளியாகிவிட்டது, நல்ல வரவேற்பும் இருக்கிறது. இப்போது காப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாமா?

பெரும்பாலும் முடியாது. விண்ணப்ப நாளுக்கு முன் உலகில் எங்காவது வெளியான எதுவும் புதுமை அல்ல; அதை வெளியிட்டவர் நீங்களே என்றாலும் நிலைமை மாறாது. காப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு 12 மாதச் சலுகை தருவது உண்மையே, ஆனால் அது அரசு அறிவித்த கண்காட்சி, கற்றோர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சில நிலைமைகளுக்கு மட்டும் பொருந்தும். வழக்கமான ஆய்விதழ்க் கட்டுரையை அதற்குள் அடக்கிவிடலாம் என்று நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

மரபணு ஒட்டுத் தொழில்நுட்பத்துக்கு அடித்தளமிட்ட ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் பாயர் இருவரின் கட்டுரை 1973 நவம்பரில் வெளிவந்தது. அமெரிக்கச் சட்டம் ஓராண்டு சலுகை தந்ததால், அந்த ஓராண்டு முடியச் சில நாள்களே இருக்கும்போது, 1974 நவம்பரில் ஸ்டான்ஃபர்ட் விண்ணப்பித்தது. அமெரிக்காவில் உரிமை பிழைத்துக்கொண்டது. மற்ற நாடுகளில் அப்போதே இழந்தாயிற்று.

வெளியீடு என்பது ஆய்விதழ் மட்டுமல்ல. நூலகத்தில் வைத்த முனைவர் பட்ட ஆய்வேடு, பொதுவில் நடத்திய வாய்மொழித் தேர்வு, மாநாட்டுச் சுவரொட்டி, யூடியூப் காணொளி எல்லாம் வெளியீடே. என்னிடம் வந்த ஓர் ஆய்வுக்குழு, நன்றாக வேலை செய்யும் ஒரு நீர் வடிகட்டிப் பொருளைச் செய்திருந்தது. அதன் கலவை விகிதத்தைக் கல்லூரித் திருவிழாவில் பெரிய எழுத்தில் அச்சிட்டு நிறுத்திய படமும் கல்லூரியின் முகநூல் பக்கத்தில் எட்டு மாதங்களாக இருந்தது. அவர்கள் அந்தப் படத்தைப் பெருமையோடு எனக்குக் காட்டியபோதுதான் எனக்கே தெரியவந்தது.

5. அப்படியானால் பதவி உயர்வுக்குக் கட்டுரை எழுதுவதா, காப்புரிமைக்காகக் காத்திருப்பதா?

இரண்டையும் செய்யலாம், எது முதலில் என்பதுதான் விஷயம். தற்காலிக விவரக்குறிப்போடு, அதாவது கண்டுபிடிப்பை விளக்கும் முதற்கட்ட எழுத்தோடு, ஒரு விண்ணப்பத்தை இட்டுவிட்டால் அந்த நாள் உங்களுடையது. முழு விவரக்குறிப்பைத் தர 12 மாதங்கள் இருக்கும். விண்ணப்பித்த மறுநாளே கட்டுரையை அனுப்பலாம். ஆனால் தற்காலிக விவரக்குறிப்பில் எழுதாத எதற்கும் அந்த நாள் பாதுகாப்புத் தராது. ஒரு பக்கம் எழுதிப் போட்டுவிட்டு, கட்டுரையில் இருபது பக்கம் எழுதியவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள்.

6. இதற்கெல்லாம் எவ்வளவு செலவாகும்? என் கையிலிருந்து போட வேண்டுமா?

2021இல் விதிகள் திருத்தப்பட்டதிலிருந்து கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணம் 80 விழுக்காடு குறைந்துவிட்டது. இணையவழியில் விண்ணப்பிக்கத் தனிநபருக்கும் புத்தொழில் நிறுவனத்துக்கும் கல்வி நிறுவனத்துக்கும் ரூ.1,600, பெரிய நிறுவனத்துக்கு ரூ.8,000. உண்மையான செலவு விவரக்குறிப்பை எழுதும் முகவருக்குத்தான் போகும், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். எதற்குப் பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லும் பகுதியான உரிமைக்கோரலை மோசமாக எழுதினால், போட்டியாளர் அதை அரை நாளில் சுற்றிக்கொண்டு போய்விடுவார். 2000ஆம் ஆண்டு அறிவுறுத்தல்கள், காப்புரிமை வருவாயில் குறைந்தது 25 விழுக்காட்டை இத்தகைய செலவுகளுக்கான நிதியாக ஒதுக்க வேண்டும் என்கின்றன. வருவாய் வந்தால்தானே ஒதுக்க முடியும் என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

வெளிநாடுகளுக்குப் போவதானால் இந்திய விண்ணப்பத்திலிருந்து 12 மாதங்களுக்குள் பன்னாட்டு விண்ணப்பம் இட வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாடும் தனித்தனிச் செலவு, அது பல இலட்சம் வரை போகும். உரிமம் வாங்க ஆள் இல்லாத நிலையில் ஐந்து நாடுகளில் விண்ணப்பிப்பது என் பார்வையில் வீண். இந்தியாவில் வசிப்பவர் முதலில் வெளிநாட்டில் விண்ணப்பிக்க விரும்பினால், 39ஆம் பிரிவின்படி முன் அனுமதி பெற வேண்டும், அல்லது இங்கே விண்ணப்பித்து 6 வாரங்கள் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டு இணையாய்வாளர் 'நாங்களே இங்கு விண்ணப்பித்துவிடுகிறோம்' என்று அன்போடு சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள்.

7. எல்லாவற்றுக்கும் காப்புரிமை வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. தேர்தலில் விரலில் வைக்கும் அழியா மையை உருவாக்கியது புது தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம். 1962 பொதுத் தேர்தலிலிருந்து கர்நாடக அரசு நிறுவனமான மைசூர் பெயின்ட்ஸ் அதைத் தயாரித்துவருகிறது. அதில் வெள்ளி நைட்ரேட் இருப்பது ஊரறிந்தது. கலவையின் நுணுக்கம் இன்றும் வணிக இரகசியம். காப்புரிமை என்றால் முறையை உலகறிய எழுதிக் கொடுத்து, இன்றைய சட்டப்படி 20 ஆண்டுகள் மட்டும் பாதுகாப்புப் பெறுவது. பொருளைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடியதென்றால் காப்புரிமை நல்லது, அப்படி முடியாதென்றால் இரகசியம் நல்லது. ஆனால் மாணவர்கள் ஆண்டுதோறும் வந்துபோகும் ஆய்வகத்தில் இரகசியம் காப்பது எளிதன்று.

சிலவற்றுக்குக் காப்புரிமை கேட்கவே முடியாது. வெறும் கணினி நிரல், வேளாண்மை முறை, நோய்க்குச் சிகிச்சை செய்யும் முறை, செடிகொடிகள், மரபறிவு ஆகியவை 3ஆம் பிரிவில் விலக்கப்பட்டவை. புதிய நெல் இரகத்துக்கு 2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சித்த மருந்தைப் பற்றிக் கேட்டு வருபவர்களுக்கு மஞ்சள் கதையைச் சொல்வேன்: காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் மிசிசிப்பியிலுள்ள பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கா வழங்கிய காப்புரிமையை, அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களைக் காட்டி 1997இல் இரத்து செய்ய வைத்தது. அங்கே நாம் வாதாடியதையே இங்கே நமக்கெதிராகவும் சொல்வார்கள். மூலிகையிலிருந்து உண்மையிலேயே புதிதாக ஒன்றைச் செய்திருந்தாலும், காப்புரிமை கிடைப்பதற்கு முன் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தில் பதிய வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

8. காப்புரிமை கிடைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு நிறுவனமும் வரவில்லை. ஏன்?

இதுதான் என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி, மிகுந்த மனவருத்தத்தோடு கேட்கப்பட்டதும் இதுவே. காப்புரிமை என்பது பிறரைத் தடுக்கும் உரிமை மட்டும். செய்துகாட்டும் திறமையை அது யாருக்கும் தருவதில்லை. தொழிலதிபர் உங்களிடம் கேட்பவை வேறு. 50 கிராமில் நடந்தது 500 கிலோவில் நடக்குமா? ஆய்வகத்தில் பயன்படுத்திய தூய இரசாயனத்துக்குப் பதிலாகச் சந்தையில் கிடைக்கும் சாதாரணச் சரக்கைப் போட்டால் என்ன ஆகும்? கிலோவுக்கு என்ன அடக்கவிலை? ஆறு மாதம் கிடங்கில் கிடந்தால் கெடுமா? கழிவுநீரை எங்கே விடுவது? ஆய்வுக் கட்டுரையில் இவற்றில் ஒன்றுக்கும் விடை இருக்காது, ஏனென்றால் ஆய்விதழ் இவற்றைக் கேட்பதில்லை. வெப்பம் பரவுவதும் கலவை கலப்பதும் குடுவையில் ஒரு விதம், ஆயிரம் லிட்டர் தொட்டியில் வேறு விதம் என்பதைத் சோதனைக்காகக் கட்டித் தோல்வியடைந்த முதல் முன்னோடி ஆலைதான் கற்றுத்தருகிறது.

எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு, குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவேக் மருந்தைச் சொல்லலாம். நோயறிகுறி இல்லாமலே குழந்தைகளிடம் காணப்பட்ட ஒரு ரோட்டா வைரஸ் வகையை 1980களின் நடுவில் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். உயிரித் தொழில்நுட்பத் துறையும் அமெரிக்க ஆய்வு நிறுவனங்களும் அறக்கட்டளைகளும் பாரத் பயோடெக் நிறுவனமும் கைகோத்தும், தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் மூன்றாம் கட்டச் சோதனை தொடங்க 2011 ஆகிவிட்டது. 2014இல் பயன்பாட்டுக்கு அரசின் அனுமதி கிடைத்தது. 2016இல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. முப்பது ஆண்டுகள். மருந்து அல்லாதவற்றுக்கு இவ்வளவு ஆகாது என்றாலும், இரண்டு ஆண்டுகள் என்பது காத்திருப்பே அன்று.

மற்றொன்று, ஆள். துர்காபூரின் மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் 1960களில் வடிவமைத்த டிராக்டரைத் தயாரிக்க 1970இல் பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டபோது, வரைபடங்களோடு வடிவமைத்த பொறியாளர்களில் சிலரும் பஞ்சாபுக்குப் போனார்கள். 1974இல் ஸ்வராஜ் டிராக்டர் வெளிவந்தது. எந்தத் திருகை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது வரைபடத்தில் இருப்பதில்லை, முறுக்கியவர் கையில் இருக்கிறது. உங்கள் கண்டுபிடிப்பைச் செய்த மாணவர் பட்டம் வாங்கி வெளிநாடு போய்விட்டாரென்றால், உரிமம் கேட்டு யார் வந்தாலும் உங்களால் எதையும் கைமாற்றித் தர முடியாமல் போகலாம்.

9. அந்த இடைக்காலத்துக்குப் பணம் யார் தருவார்கள்? ஆராய்ச்சி நிதி முடிந்துவிட்டது, வங்கியும் தராது.

உயிரியல் சார்ந்ததென்றால், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின்கீழ் 2012இல் தொடங்கப்பட்ட பைராக் அமைப்பின் தொடக்க நல்கை ரூ.50 இலட்சம் வரை கிடைக்கும். மாதிரிப் பொருள் செய்ய, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ் திட்டத்தில் ரூ.10 இலட்சம் வரை கிடைக்கும். வணிக அளவுக்கு வளர்ந்துவிட்ட நிறுவனங்களுக்குத் தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம் கடன் தருகிறது. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ரூ.1 இலட்சம் கோடியில் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது; அது தனியார் துறைக்குக் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் தருவதை மையமாகக் கொண்டது. தொழில்நுட்பத்தின் முதிர்ச்சியை 1 முதல் 9 வரை அளக்கும் அளவுகோலில் குறைந்தது 4ஆம் படியைத் தொட்டவற்றுக்குத்தான் அந்தப் பணம். அதாவது கருத்து மட்டும் போதாது, அது வேலை செய்வதை ஆய்வகத்தில் சோதித்து உறுதிசெய்த பிறகே அந்தக் கதவு திறக்கும், அதுவரை சிறு நல்கைகள்தாம்.

10. ஒரே நிறுவனத்துக்குத் தனி உரிமம் தருவதா, கேட்பவர்களுக்கெல்லாம் தருவதா?

உரிமம் பெறுபவர் இன்னும் எவ்வளவு பணம் கொட்ட வேண்டும் என்பதைப் பொறுத்தது. முடிந்த தொழில்நுட்பம் என்றால் பலருக்கும் கொடுங்கள். திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் தன் லித்தியம் அயனி மின்கலத் தொழில்நுட்பத்தை 2018இல் ஒரு நிறுவனத்துக்கு ரூ.1 கோடி என்ற அளவில், தகுதியுள்ள பலருக்கும் தர முன்வந்தது. 4ஆம் விடையில் சொன்ன கோஹன்–பாயர் காப்புரிமையை 468 நிறுவனங்கள் உரிமம் பெற்றுப் பயன்படுத்தின. மொத்தம் ஏறக்குறைய 25.5 கோடி டாலர் வந்தது. அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் நீரில்லாக் குரோம் பதனிடும் முறையைப் போன்றவை ஒரே ஆலையிடம் முடங்கினால் பயனே இல்லை. வழக்கமான பதனிடுதலில் போட்ட குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கழிவுநீரோடு போய்விடுகிறது என்னும்போது, அதைக் குறைக்கும் முறை எத்தனை ஆலைகளுக்குப் போகிறதோ அத்தனை நன்மை ஆற்றுக்கு.

மாறாக, 8ஆம் விடையில் சொன்ன தடுப்பு மருந்தைப் போல ஆண்டுக்கணக்கில் சோதனை நடத்த வேண்டியதென்றால், தனி உரிமம் இல்லாமல் எவரும் இறங்கமாட்டார். அப்போதும் ஒரு பயன்பாட்டுக்கு, ஒரு நிலப்பரப்புக்கு, ஒரு காலத்துக்கு என்று அளந்து கொடுங்கள். இந்தத் தேதிக்குள் முன்னோடி ஆலை, இந்தத் தேதிக்குள் விற்பனை என்று எழுதி, தவறினால் தனி உரிமம் பொது உரிமமாக மாறும் என்ற வரியையும் சேருங்கள். இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டு வருந்திய நிறுவனங்களை எண்ணிச் சொல்ல என் விரல்கள் போதாது.

11. ராயல்டி எவ்வளவு கேட்கலாம்? அதில் என் பங்கு எவ்வளவு?

ஒரே விடை கிடையாது. பொதுவில் அறியப்பட்ட ஒரு எடுத்துக்காட்டு: கோவேக்சின் தடுப்பூசியின் நிகர விற்பனையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு 5 விழுக்காடு ராயல்டி. பெரும்பாலும் முன்பணம் ஒரு பகுதி, விற்பனைப் பங்கு ஒரு பகுதி என்று பிரிப்பார்கள். சிறு நிறுவனத்திடம் முன்பணத்தைப் பெரிதாகக் கேட்டால் இயந்திரம் வாங்க வைத்திருந்த பணத்தை நீங்கள் எடுத்துக்கொண்டதாகிவிடும், பிறகு ராயல்டி எங்கிருந்து வரும்?

2000ஆம் ஆண்டு அறிவுறுத்தல்கள் பொருந்தும் திட்டங்களில் கண்டுபிடிப்பாளர்களுக்கும் உடனுழைத்தவர்களுக்கும் சேர்த்து உண்மை வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 2ஆம் விடையில் குறிப்பிட்ட 2008ஆம் ஆண்டு முன்வடிவு குறைந்தது 30 விழுக்காடு என்று அடிவரம்பு வைக்கப் பார்த்தது, அறிவுறுத்தல்கள் வைத்திருப்பதோ உச்சவரம்பு. மற்ற இடங்களில் நிறுவனத்தின் கொள்கையைப் பாருங்கள்.

12. நான் ஆய்வு மாணவன். வேலை முழுவதும் என்னுடையது, ஆனால் விண்ணப்பத்தில் என் பெயர் இல்லை.

கட்டுரை ஆசிரியர் பட்டியலும் கண்டுபிடிப்பாளர் பட்டியலும் ஒன்றல்ல. உரிமைக்கோரலில் உள்ள கருத்துக்கு அறிவார்ந்த பங்களிப்புச் செய்தவரே கண்டுபிடிப்பாளர். சொன்னபடி சோதனையை மட்டும் ஓட்டியவரும், துறைத்தலைவர் என்பதற்காகப் பெயர் சேர்க்கப்பட்டவரும் அதில் வரமாட்டார்கள். நீங்கள் முதல் வகையென்றால் 28ஆம் பிரிவின்படி பெயரைச் சேர்க்கக் கோரலாம். தேதியிட்ட ஆய்வகக் குறிப்பேடு இருந்தால் இந்தப் பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். வழிகாட்டியோடு சண்டை வேண்டாம் என்று தயங்குபவர்களிடம் நான் சொல்வது, தவறான கண்டுபிடிப்பாளர் பட்டியல் காப்புரிமையையே பலவீனமாக்கும் என்ற கோணத்தில் பேசுங்கள் என்பதே, அது உண்மையும்கூட.

13. நிறுவனத்தோடு கூட்டாக ஆராய்ச்சி செய்கிறோம். இருவர் பெயரிலும் காப்புரிமை இருந்தால் போதாதா?

கேட்க நியாயமாகத் தோன்றும், ஆனால் பொறி இதில்தான் இருக்கிறது. 50ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, ஒவ்வொரு கூட்டு உரிமையாளரும் மற்றவருக்குக் கணக்குச் சொல்லாமலே தானே பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் மற்றவர் சம்மதமின்றி மூன்றாமவருக்கு உரிமம் தர முடியாது. தொழிற்சாலை வைத்திருக்கும் பங்காளிக்கு முதல் பாதியே போதும். தொழிற்சாலை இல்லாத பல்கலைக்கழகத்துக்கு உரிமம் தருவதைத் தவிர வேறு வழியில்லை, அதற்கோ பங்காளியின் கையெழுத்து வேண்டும். ஆகவே வருவாய்ப் பங்கும், உரிமம் தரும் அதிகாரமும் ஆராய்ச்சி தொடங்குமுன் எழுதப்பட வேண்டும்.

பெயரையும் சரிபாருங்கள். கோவேக்சினுக்கான காப்புரிமை விண்ணப்பங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெயர் விடுபட்டது 2024இல் செய்தியானது. அது தெரியாமல் நேர்ந்தது என்று பாரத் பயோடெக் விளக்கி, கழகத்தையும் சேர்க்க நடவடிக்கை எடுத்தது. அவ்வளவு பேர் கவனித்த ஒன்றிலேயே இப்படி நேருமென்றால், உங்கள் விண்ணப்பத்தை நீங்கள் ஒருமுறை திறந்து பார்ப்பதில் தவறில்லை.

14. உரிமம் வாங்கியவர் அதைப் பூட்டி வைத்தாலோ, ஏழைகள் தொட முடியாத விலை வைத்தாலோ என்ன செய்வது?

சட்டத்தில் வழி உண்டு. காப்புரிமை வழங்கி 3 ஆண்டுகளுக்குப் பின், மக்களின் நியாயமான தேவை நிறைவேறவில்லை, விலை எட்டவில்லை, இந்தியாவில் பயன்படுத்தப்படவில்லை என்ற காரணங்களில் 84ஆம் பிரிவின்கீழ் கட்டாய உரிமம் கேட்கலாம். 2012இல் புற்றுநோய் மருந்தான நெக்சாவருக்கு நாட்கோ நிறுவனம் அப்படிப் பெற்றது; மாதம் ஏறக்குறைய ரூ.2.8 இலட்சமாக இருந்த செலவு ரூ.8,800 ஆனது. அது பேயர் நிறுவனத்தின் மருந்து, நம் அரசு ஆராய்ச்சியில் பிறந்ததன்று. அதற்கு முன்னும் பின்னும் அப்படி வேறொன்று இங்கே கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பே-டோல் சட்டம் அரசு தலையிட்டு வேறொருவருக்கு உரிமம் தரலாம் என்கிறது. அரசுப் பணமும் சேர்ந்து உருவான எச்.ஐ.வி. மருந்தான நார்விரின் விலை 2003இல் ஐந்து மடங்கானபோது அப்படித் தலையிடக் கேட்டார்கள், அடுத்த ஆண்டே தேசிய சுகாதார நிறுவனம் மறுத்துவிட்டது.

எனவே நம்ப வேண்டியது ஒப்பந்தத்தையே. ரோட்டாவேக்கின் விலை ஒரு வேளைக்கு 1 டாலர் என்ற வாக்குறுதி, மருந்து உருவாகும்போதே பேசி முடிவானது. பணம் போட்டவர்கள் பணம் போடும் நேரத்தில் கேட்டார்கள், கிடைத்தது. மருந்து வெற்றியடைந்த பிறகு கேட்டிருந்தால் யார் செவிசாய்த்திருப்பார்கள்? முதல் கேள்வியில் கோபப்பட்டவர்களுக்கு நான் தரும் விடையும் இதுவே: அரசு நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடுபவர் அந்த மேசையில் மக்களுக்காக உட்கார்ந்திருக்கிறார், விலை வரம்பு, அரசுக் கொள்முதலுக்குத் தனி விலை, ஆராய்ச்சிக்குத் தொடர்ந்து பயன்படுத்தும் உரிமை ஆகியவற்றை அவர்தான் கேட்க வேண்டும்.

15. பேசாமல் நானே நிறுவனம் தொடங்கிவிட்டால்? வேலையை விட வேண்டியிருக்குமா?

மத்திய அரசு 2019இல் வெளியிட்ட மாணவர், ஆசிரியருக்கான தேசியப் புத்தாக்க, புத்தொழில் கொள்கை ஆசிரியர்கள் நிறுவனம் தொடங்குவதையும் அதற்காக விடுப்பில் செல்வதையும் ஏற்கிறது. கல்லூரியின் வசதிகளைத் தருவதற்கு ஈடாக 2 முதல் 9.5 விழுக்காடு வரை பங்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. உங்கள் நிறுவனம் அதை ஏற்று விதி வகுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பங்கு எடுப்பது கல்லூரிக்கு எப்போதும் நட்டமன்று: கூகுள் தொடங்கியபோது தேடல் முறைக்கு உரிமம் தந்ததற்காகப் பெற்ற பங்குகளை ஸ்டான்ஃபர்ட் 33.6 கோடி டாலருக்கு விற்றது.

சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வுப் பூங்காவையும் தொழில் வளர்ப்பு மையத்தையும் சுற்றி வளர்ந்த, மின்ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர், ராக்கெட் செய்யும் அக்னிகுல் போன்றவற்றைப் பார்த்து உற்சாகம் கொள்வது இயல்பு. ஆனால் நல்ல ஆய்வாளர்கள் பலருக்கு ஊழியர் சம்பளமும் சரக்கு சேவை வரியும் விற்பனையும் பார்க்கும் பொறுமை இருப்பதில்லை, அது குறையுமன்று. தொழில் தெரிந்த ஒருவரைத் தலைமைக்கு வைத்துவிட்டு நீங்கள் ஆலோசகராக இருக்கலாம். ஆய்வகத்தின் இயந்திரத்தையும் மாணவர் உழைப்பையும் சொந்த நிறுவனத்துக்குச் சொல்லாமல் பயன்படுத்துவது மட்டும் கூடாது; எழுத்தில் அறிவித்துக் கட்டணம் கட்டிவிட்டால் யாரும் குறைசொல்ல இடமிருக்காது.

16. நாங்கள் சிறு தொழிற்சாலை நடத்துகிறோம். இந்த ஆய்வகங்களிடமிருந்து எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா, எங்கே போய்க் கேட்பது?

கிடைக்கும். 1953இல் தொடங்கிய தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகத்தின் வேலையே அரசு ஆய்வகங்களின் தொழில்நுட்பத்தைத் தொழிலுக்குத் தருவது. உணவுப் பொருளென்றால் மைசூர் நிலையம், தோலென்றால் அடையாறு, மின்வேதியியலும் மின்கலமும் துருத்தடுப்பும் என்றால் காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், பயிர் சார்ந்ததென்றால் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் என்று நேரடியாகவும் போகலாம். பல தொழில்நுட்பங்களின் கட்டணம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

பணம் கட்டுமுன் உங்கள் சொந்த மூலப்பொருளில் ஒரு மூட்டையை எடுத்துக்கொண்டு போய், அங்கேயே ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். உங்கள் ஆளுக்கு எத்தனை நாள் பயிற்சி, முதல் மூன்று உற்பத்திக்கு அங்கிருந்து யார் வருவார், ஏற்கெனவே வாங்கிய நிறுவனம் எது, அதன் உரிமையாளரிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். அந்த மூட்டையை ஓட்டிக்காட்ட அங்கே இயந்திரமே இல்லை, குடுவையில் வேண்டுமானால் காட்டுகிறோம் என்று சொன்னார்களானால், அதற்காக அவர்களைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் வாங்குவது முடிந்த தொழில்நுட்பம் அன்று, 8ஆம் விடையில் சொன்ன காத்திருப்பில் ஒரு பங்கு என்பதைத் தெரிந்துகொண்டு விலை பேசுங்கள்.